மூன்று விநாடி பொறுப்போம்

(தொடக்கப் பள்ளி முதல் மேல்நிலைப் பள்ளி வரை பணியாற்றும் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில், வணிகவியல் முதுகலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'வேலைக்கான நேர்காணலில் நம்பிக்கையோடு இருப்பதும் நல்லெண்ணம் பெறுவதும்'. உள்ளே வரும்போதே தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "டீச்சர், நான் ரெண்டாம் வகுப்பு எடுக்கிறேன். எனக்கும் இந்தத் தலைப்புக்கும் என்ன சம்பந்தம்?" நியாயமான கேள்வி. என் பேச்சு முடிவதற்குள் பதில் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு சம்பவம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த பிறகு, தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் ஒன்றுக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகள் 11 பேரை அழைத்துக்கொண்டு போனேன். ஒரு கல்லூரியில் முகாம். வகுப்பறைக்கு ஒரு நிறுவனம் என்று உட்கார்ந்திருந்தார்கள். அந்த 11 பேரில் ஒரு பெண், கணக்குப்பதிவியலில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். அவளுக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

கதவு திறந்தே இருந்தது. நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் அதிகாரி. பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், நிறுத்திவிட்டாள். அடுத்து, "நீங்களாகவே தீர்த்து வைத்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள்" என்று கேட்டார். அவள் மேசையைப் பார்த்தாள். அவர் கொஞ்சம் பார்த்துவிட்டு, "சரி, பரவாயில்லை" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான்கைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள். அழவில்லை. "வரலை டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். அவள் அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அந்தக் குழுவின் கணக்கை எழுதுவது இவள்தான். ஒரு மாதம் கையிருப்பில் 340 ரூபாய் குறைந்தது. பணம் வைத்திருந்த ஊக்குநர் அக்காமீது சந்தேகம் வந்து, தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. இவள் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு உறுப்பினரின் பாஸ்புக்கையும் ரொக்கப் புத்தகத்தோடு ஒப்பிட்டிருக்கிறாள். ஒருவர் கட்டிய கடன் தவணை இரண்டு இடத்தில் வரவாக எழுதப்பட்டிருந்தது. பணம் குறையவே இல்லை. வரவு கூடுதலாக எழுதப்பட்டிருந்தது. மறுநாள் குழுவைக் கூட்டிக் காட்டியிருக்கிறாள். அந்த அக்காவின் பெயர் காப்பாற்றப்பட்டது.

"ஏம்மா, அவர் கேட்டது இதைத்தானே? ஏன் சொல்லலை?" என்றேன்.

"அதெல்லாமா டீச்சர் சொல்றது?" என்றாள்.

தோழர்களே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளுக்கு வேலை கிடைக்காதது மட்டும் காரணமில்லை. இரண்டு வருடம் அவளுக்குக் கணக்குப்பதிவியல் நடத்தியவள் நான். பிழை திருத்தம் என்ற பாடத்தையும் நான்தான் நடத்தினேன். என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண் நிஜமான ஒரு கணக்கில் நிஜமான ஒரு பிழையைக் கண்டுபிடித்தவள் என்பது எனக்கே தெரியாது. நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பொறுத்திருக்க மாட்டேன். அந்த அதிகாரி நாலு நிமிடத்தில் செய்ததைத்தான் நான் இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தேன். கேள்வி கேட்பேன்; பதில் வராவிட்டால், "சரி உட்காரு, அடுத்து நீ சொல்லு."

ஒரு விநாடியும் மூன்று விநாடியும்

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் நூற்றுக்கணக்கான வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, 1970-களில் தன் முடிவுகளை வெளியிட்டார். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டபின் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்தார். சராசரியாகச் சுமார் ஒரு விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திரும்பக் கேட்கிறார், அல்லது வேறு பிள்ளையிடம் போகிறார், அல்லது தானே பதில் சொல்லிவிடுகிறார். மாணவர் பேசி முடித்த பிறகும் அப்படித்தான். அவர் மேலும் ஏதாவது சொல்வாரா என்று பார்ப்பதில்லை.

அந்த ஒரு விநாடியை மூன்று விநாடியாகவோ அதற்கு மேலாகவோ நீட்டச் சொன்னார். பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின. பதிலே சொல்லாமல் இருப்பது குறைந்தது. 'ஏன்' என்று காரணம் சொல்வது கூடியது. மெதுவாகப் படிக்கும் பிள்ளைகள் என்று நினைத்தவர்களும் பேச ஆரம்பித்தார்கள்.

நான் இதைச் செய்து பார்த்தேன். கேள்வி கேட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விரலை மடக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். முதல் வாரம் தாங்க முடியவில்லை. வகுப்பே நின்றுபோனது போல் இருக்கும். பிள்ளைகளே, "டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்பதுபோல் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பதில் வந்தது. அதுவரை அந்தப் பையனின் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

இதற்கும் நேர்காணலுக்கும் என்ன தொடர்பு? 17 வயதுப் பிள்ளையிடம் முன்பின் தெரியாத ஒருவர் கேள்வி கேட்கிறார். யோசித்து, வாக்கியம் அமைத்து, காரணத்தோடு சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடப் பள்ளி வாழ்க்கையில் எத்தனை முறை அந்தப் பிள்ளை அப்படிப் பேசியிருக்கிறது? வகுப்பே சேர்ந்து சொல்லும் ஒற்றைச் சொல் பதில்தான் அதற்குப் பழக்கம். வாக்கியத்தின் முதல் பாதியை நாம் சொல்வோம், மீதியைப் பிள்ளைகள் கோரஸாக முடிப்பார்கள். அந்தப் பழக்கத்தோடு போகிற பிள்ளை, நேர்காணலிலும் யாராவது முதல் பாதியைச் சொல்வார்களா என்று காத்திருக்கிறது.

இரண்டாம் வகுப்பு ஆசிரியரின் கேள்விக்குப் பதிலும் இதுதான். "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்று ஆறு வயதில் சொல்லிக்கொடுத்துவிட்டு, பதினேழு வயதில் "கையை எடு, வாயைத் திறந்து பேசு" என்றால் பிள்ளை என்ன செய்யும்? நேர்காணலுக்கான பயிற்சி உங்கள் வகுப்பில்தான் தொடங்குகிறது.

யாருக்கு நேர்காணல்?

நம்மில் பலருக்கு நேர்காணல் என்றாலே பெரிய தேர்வுகள்தான் நினைவுக்கு வரும். குடிமைப் பணித் தேர்வில் எழுத்துத் தேர்வு 1750 மதிப்பெண், ஆளுமைத் தேர்வு 275 மதிப்பெண், ஆக மொத்தம் 2025. ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் சந்திக்கப்போகும் நேர்காணல் அது இல்லை. மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளுக்கும், அரசிதழ்ப் பதிவு பெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே கிடையாது. நம் பிள்ளைகள் போய் உட்காரும் இடம் தொழிற்சாலை, ஜவுளிக் கடை, மருத்துவமனை வரவேற்பறை, தணிக்கையாளர் அலுவலகம், பிளஸ் டூ முடித்தவர்களைப் பயிற்சி கொடுத்து எடுத்துக்கொள்ளும் கணினி நிறுவனம். அங்கே சிபாரிசுக்கு ஆள் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு நேர்காணல் ஒரு சடங்கு. நம் பள்ளிப் பிள்ளைக்கு அது ஒன்றுதான் வாசல்.

இதைத் தேர்வு என்று சொல்லியே நாம் பயமுறுத்திவிடுகிறோம். எதிரே இருப்பவர் மதிப்பெண் போட வந்தவர் இல்லை. அவருக்கு வேலைக்கு ஆள் வேண்டும். இந்தப் பெண் நேரத்துக்கு வருவாளா, சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வாளா, நாலு பேரோடு ஒத்துப்போவாளா என்று தெரிந்துகொள்ள நினைக்கிறார். நல்ல ஆள் கிடைத்துவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அவருக்கும் இருக்கிறது. இதை விளக்கிச் சொன்னாலே பிள்ளைகளின் முகத்தில் பாதிப் பயம் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

'பயப்படாதே' என்பது உதவாது

பயப்படாதே என்று சொல்லிப் பயம் போனதாகச் சரித்திரம் இல்லை. ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சுக்கும் கணக்குத் தேர்வுக்கும் முன்னால் சிலரை அமைதியாக இருக்க முயலச் சொன்னார். வேறு சிலரை அந்தப் படபடப்பையே உற்சாகமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். உற்சாகமாக எடுத்துக்கொண்டவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள்.

இது நமக்குத் தெரியாததா? விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓட்டத்துக்குக் கோட்டில் நிற்கும் பிள்ளைக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வியர்க்கும். அதைப் பயம் என்று நாம் சொல்வதில்லை. ஓடத் தயாராகிவிட்டான் என்கிறோம். நேர்காணலுக்கு வெளியே காத்திருக்கும்போது வரும் படபடப்பும் அதேதான். "படபடப்பு வரும். வரட்டும். உடம்பு தயாராகிறது என்று நினைத்துக்கொள்" என்று சொல்லி அனுப்புங்கள்.

நம்பிக்கையோடு இருப்பது என்றால் எல்லாம் தெரிந்தது போலக் காட்டிக்கொள்வது இல்லை. 'தெரியாது' என்று சொல்லத் தெரிவதும் நம்பிக்கைதான். "இது எனக்குத் தெரியாது சார். இதோடு தொடர்புடைய இன்னது தெரியும். சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வேன்." இப்படிச் சொல்கிற பிள்ளையை யாரும் குறைவாக நினைப்பதில்லை. ஆனால் நம் வகுப்பில் 'தெரியாது' என்று சொன்ன பிள்ளைக்கு என்ன நடக்கிறது? பாடவேளை முடியும்வரை நிற்கிறது. அதனால் அது இரண்டே வழியைக் கற்றுக்கொள்கிறது: ஒன்று மௌனம், இன்னொன்று சமாளிப்பு. இரண்டுமே நேர்காணலில் எடுபடாது.

குறைகளைச் சொல்வதும் அப்படித்தான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஒரு வருடம் மோட்டார் மெக்கானிக் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த மாணவன் ஒருவன் எங்களிடம் இருந்தான். மாதிரி நேர்காணலில் அந்த ஒரு வருடத்தைப் பற்றிக் கேட்டதும் தலையைக் குனிந்தான். பிறகு இருவரும் உட்கார்ந்து இரண்டு வாக்கியம் எழுதினோம்: "வீட்டுச் சூழ்நிலையால் ஒரு வருடம் பட்டறையில் வேலை செய்தேன். அங்கே நேரத்துக்குப் போகவும், வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசவும் கற்றுக்கொண்டு, படிப்பைத் தொடர வேண்டும் என்று திரும்பி வந்தேன்." ஒளிக்கவில்லை. இரக்கமும் கேட்கவில்லை. அந்த வருடம் அவனுக்குப் பாரமாக இருந்தது. இப்போது அவனுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றாகிவிட்டது.

முதல் பார்வையில்

2006-இல் ஜானின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடோரோவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அறிமுகமில்லாத முகங்களின் படங்களை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா என்று கேட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோதும் கருத்து பெரிதாக மாறவில்லை; அந்தக் கருத்தின்மீது உறுதிதான் கூடியது. அது சரியான கணிப்பு என்று இதற்குப் பொருள் இல்லை. மனிதர்கள் அவ்வளவு சீக்கிரம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள் என்பதுதான் செய்தி. ஆகவே நம் கையில் உள்ளதைச் சரியாகச் செய்துவிட வேண்டும்.

அதற்குப் புதுச் சட்டை தேவையில்லை. துவைத்து மடிப்பு கலையாத சட்டை போதும். அரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்வது. முதல் நாளே போகும் வழியையும் பேருந்து நேரத்தையும் கேட்டு வைப்பது. சான்றிதழ்களை ஒரு கோப்பில் வரிசையாக வைத்து, கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது. கைபேசியை அணைத்துவிடுவது. உள்ளே போனதும் வணக்கம் சொல்லி, உட்காரச் சொன்னதும் நன்றி சொல்லி உட்காருவது. வாசலில் இருக்கும் காவலாளியிடமும் வரவேற்பறையில் இருப்பவரிடமும் மரியாதையாகப் பேசுவது. முடிந்து எழும்போது மறுபடி நன்றி சொல்வது.

இரண்டு விஷயத்தை மட்டும் நாம் தனியாக விளக்க வேண்டும். ஒன்று, கண் பார்த்துப் பேசுவது. நம் வீடுகளில் பெரியவர்களை நிமிர்ந்து பார்க்காமல் பேசுவதுதான் மரியாதை. அதே பழக்கத்தை நேர்காணலில் பார்ப்பவர், 'இந்தப் பெண் எதையோ மறைக்கிறாள், தைரியம் இல்லை' என்று எடுத்துக்கொள்கிறார். "நிமிர்ந்து பார்ப்பது மரியாதைக் குறைவு இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லி, நம்மிடமே அப்படிப் பேசிப் பழகவிட வேண்டும். வகுப்பில் நிமிர்ந்து பார்த்தால், "என்ன முறைக்கிறே?" என்று கேட்டுவிட்டு, வெளியே போய் நிமிர்ந்து பார் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, ஆங்கிலம். ஆங்கிலம் வராது என்ற எண்ணமே பல பிள்ளைகளின் வாயைக் கட்டிவிடுகிறது. குடிமைப் பணித் தேர்வின் ஆளுமைத் தேர்வைக்கூடத் தமிழில் எதிர்கொள்ள வழி இருக்கிறது. எனவே, "நான் தமிழில் விளக்கமாகச் சொல்லலாமா சார்?" என்று கேட்பது தவறே இல்லை என்று சொல்லுங்கள். வேலைக்கு ஆங்கிலம் தேவை என்றால், "பழகிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லட்டும், உண்மையிலேயே பழகட்டும். தன்னைப் பற்றிய நாலு வாக்கியத்தை மட்டும் இரண்டு மொழியிலும் தயாராக வைத்திருக்கட்டும்.

பள்ளியில் என்ன செய்யலாம்?

எங்கள் பள்ளியில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். பணம் செலவாகாது.

தொடக்க வகுப்புகளில், பிள்ளை ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால், "முழுசாச் சொல்லு ராஜா" என்று கேட்டு, ஒரு வாக்கியமாகச் சொல்ல வையுங்கள். அடுத்து "ஏன்?" என்று ஒரு முறை கேளுங்கள். கேட்டுவிட்டு மூன்று எண்ணுங்கள்.

நடுநிலை வகுப்புகளில், வாரம் ஒரு நாள் 'நான் செய்த ஒரு வேலை' என்று நாலு பேர் பேசட்டும். ஆடு மேய்த்தது, தம்பியைப் பார்த்துக்கொண்டது, திருவிழாவில் கடை போட்டது, பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போனது, எதுவானாலும் சரி. இதெல்லாம் பேசத் தகுந்த விஷயம் என்ற எண்ணம் அந்த வயதிலேயே வர வேண்டும். "அதெல்லாமா டீச்சர் சொல்றது?" என்ற கேள்விக்கு மருந்து இதுதான்.

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் மாதிரி நேர்காணல். வேறு பாட ஆசிரியர்கள் இரண்டு பேர் மேசைக்கு எதிரே உட்கார்ந்தால் போதும். ஒருவருக்குப் பத்து நிமிடம், ஐந்து கேள்வி. எல்லாருக்கும் அதே ஐந்து கேள்வி. சில நாள் பிள்ளைகளையே கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்கார வையுங்கள். முணுமுணுத்துப் பதில் சொன்னால் எதிரே இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று அங்கே உட்கார்ந்தால்தான் தெரிகிறது.

அனுபவத்தைச் சொல்ல நாலு படி கற்றுக் கொடுக்கிறோம்: என்ன சூழ்நிலை, அதில் என் பொறுப்பு என்ன, நான் என்ன செய்தேன், என்ன ஆனது. அந்த 340 ரூபாயை இந்த நாலு படியில் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். கணக்குத் தெரியும், பொறுமை உண்டு, நேர்மை உண்டு என்று தனித்தனியாகச் சொல்லவே வேண்டாம்; கேட்பவருக்கே புரிந்துவிடும்.

கடைசியாக, நேர்காணல் முடிந்து வந்த பிள்ளையிடம், "கிடைச்சுதா?" என்று முதலில் கேட்காதீர்கள். "என்ன கேட்டாங்க?" என்று கேளுங்கள். எங்கள் பள்ளியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போய் வந்தவர்கள் கேட்கப்பட்ட கேள்விகளை அதில் எழுதி வைப்பார்கள். கிடைக்காமல் வந்த பிள்ளையும் அடுத்தவருக்கு ஏதோ கொடுத்துவிட்டுத்தான் போகிறது. அது தோல்வியோடு வீட்டுக்குப் போவதில்லை.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பேருந்தில் பேசிய மறுநாளே அவளைப் பள்ளிக்கு வரச் சொன்னேன். அந்தக் கதையை எங்கள் ஆசிரியர்கள் நாலு பேர் முன்னால் சொல்ல வைத்தேன். முதல் தடவை அரை நிமிடத்தில் முடித்துவிட்டாள். நாங்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவளாகவே மறுபடி ஆரம்பித்தாள். இன்னும் இரண்டு இடத்துக்குப் போய்க் கிடைக்கவில்லை. நாலு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றின் வாசலில் நின்று எனக்குப் போன் செய்தாள்.

"என்னம்மா, கிடைச்சுதா?" என்றேன். பார்த்தீர்களா, கேட்கக் கூடாது என்று சொன்ன நானே கேட்டுவிட்டேன்.

"அது திங்கட்கிழமைதான் சொல்வாங்களாம் டீச்சர். ஆனா நான் அந்த முந்நூத்து நாப்பது ரூபாயைச் சொல்லிட்டேன். அவர் ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டே இருந்தார்" என்றாள்.

திங்கட்கிழமை அந்த வேலை கிடைத்தது. எனக்கு நிம்மதி வந்தது என்னவோ அந்தப் போன் வந்த அன்றே.

நாளை காலை முதல் பாடவேளையில், இதுவரை நீங்கள் குரல் கேட்டிராத ஒரு பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு, கையைப் பின்னால் வைத்து மூன்று எண்ணுங்கள்.